கத்தரி விதை யார் கையில்?

கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைக்கிறது நமக்குப் புதுசு இல்லை. ஆனா விதைக்கு மட்டும் கடைக்குப் போறோம். ஹைபிரிட் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டா செடிக்குச் செடி காய் மாறும். அதனால வருஷா வருஷம் பாக்கெட் செலவுதான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பொள்ளாச்சி பக்கம் நெகமத்து வரிக்கத்தரியிலிருந்து பொறுக்கி எடுத்தது. மதுரையின் எம்.டி.யு. 1 கள்ளம்பட்டிக் கத்தரி, கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1 குளத்தூர்க் கத்தரி. அந்த ஊர்களில் விதை வைத்திருக்காவிட்டால் விஞ்ஞானி எதைப் பொறுக்குவார்? ஒரு ரகம் பூச்சியைத் தாங்கும், இன்னொன்று வறட்சியைத் தாங்கும். எல்லாரும் ஒரே ரகம் போட்டால் ஒரு நோயில் ஊரே காலி. வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முள் குத்துதுன்னு நாமளா இருந்தா தள்ளியிருப்போம்!

கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். இருந்தாலும் பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ, வண்டு கலந்து விட்டுடும். எனவே நல்ல செடியில் மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பை கட்டுவோம். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைப்போம். காய் மஞ்சளாகப் பழுத்த பிறகு பறித்து, தண்ணீரில் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும். நிழலில் காய வைக்கணும். ஒரே செடியில் எடுக்காதீங்க, நாலைந்து செடியில் எடுங்க.

வலங்கைமான் பக்கம் யார் வீட்டில் பாட்டி காலத்துக் கத்தரி இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிடி விதை கொண்டு வாங்க. பேரும் ஊரும் குழு நோட்டில் எழுதி வைப்போம்.