பெயர் பாடுமா?

"பெத்த பேரு, தாக நீலு லேது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெலுங்கிலிருந்து வந்து நம் பேச்சிலும் கலந்துவிட்ட பழமொழி இது. பெயரோ பெரிது, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை என்பது அதன் பொருள். இசை உலகிலும் இப்பழமொழி பொருந்தும் நிகழ்ச்சிகள் உண்டு. உலகப் புகழ்பெற்ற குழு வருகிறது என்பார்கள். மக்கள் வெள்ளமெனத் திரள்வார்கள். நிகழ்ச்சி முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கலைவார்கள்.

அவ்வாறு நேரும்போது, "இவர்களுக்குத் திறமையே இல்லை, எல்லாம் வெறும் விளம்பரம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணத்தை ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆகவே மேலை நாட்டு இசைக்குழுக்கள் மூன்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, புகழுக்கும் மேடைக்கும் இடையே பள்ளம் எங்கே விழுந்தது என்று காண்போம்.

1. காதில் விழாத பாட்டு

இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வரின் குழு பீட்டில்ஸ். இவர்களுடைய புகழ் உழைப்பின்றி வந்ததன்று. 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துச் சிற்றரங்குகளில், இரவுதோறும் பல மணி நேரம் வாசித்துப் பழகிய குழு அது. லிவர்பூலில் கேவர்ன் என்னும் நிலவறை அரங்கில் மட்டும் ஏறத்தாழ 290 முறை மேடையேறினார்கள். நால்வரில் டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார் 1962-இல் வந்து சேர்ந்தவர்.

1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் இவர்கள் பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடினர். அந்தச் சுற்றுப்பயணத்துக்கென்றே 100 வாட் ஆற்றலுள்ள ஒலிபெருக்கிக் கருவிகள் செய்யப்பட்டிருந்தன. அத்தனை பெரிய திறந்தவெளிக்கு அவை எம்மாத்திரம்? பாட்டின் குரல் அரங்கில் அறிவிப்புச் செய்வதற்காக அமைத்திருந்த ஒலிபெருக்கிகள் வழியே வந்தது. பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக மேடையில் அவர் எதிரே ஒலிபெருக்கி வைக்கும் வழக்கம் அப்போது பரவவில்லை. போதாததற்கு, ரசிகர்களின் கூக்குரல் இடைவிடாமல் ஒலித்தது. ரிங்கோ தம் தோழர்களின் உடலசைவைப் பின்னாலிருந்து பார்த்தே பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சி படமாக்கப்பட்டபோது ஒலி போதவில்லை. 1966 ஜனவரியில் குழுவினர் லண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சில பகுதிகளைத் திரும்பவும் பாடி வாசித்துச் சீர்செய்தனர்.

1966 கோடையில் ஜப்பானில் டோக்கியோ நகரின் புடோகான் அரங்கில் பாடினார்கள். அங்கே காவலும் கட்டுப்பாடும் மிகுதி. கூட்டமும் ஓரளவு அமைதியாயிருந்தது. நெடுநாளைக்குப் பின் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்டார்கள். சுருதி விலகியிருப்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது! அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரிவால்வர்' என்னும் அவர்களுடைய புகழ்மிக்க இசைத்தட்டு வெளிவந்தது. ஆயினும் அம்மாதத்தில் நடந்த அமெரிக்கப் பயணத்தில் அதிலிருந்து ஒரு பாட்டையேனும் மேடையில் பாடவில்லை. ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் 11 பாடல்களை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பாடி முடித்தார்கள். கட்டணம் வாங்கி அவர்கள் நடத்திய கடைசிக் கச்சேரி அதுவே.

இங்கே திறமை குறைந்துவிடவில்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். பாடுவோர் தம் ஒலியைத் தாமே கேட்க முடியவில்லை. கேட்க வந்தவர்களும் கேட்கவில்லை. இந்தக் குறையில் கூட்டத்துக்கும் பங்குண்டு அல்லவா?

2. பழக்கம் விட்டுப்போன கைகள்

லெட் செப்பலின் 1968-இல் இங்கிலாந்தில் தோன்றிய குழு. மேடையில் இவர்களுக்கு இணையில்லை என்று பெயர் வாங்கியது. 1980-இல் டிரம் வாசித்த ஜான் பான்ஹம் இறந்தார். மற்ற மூவரும் குழுவைக் கலைத்துவிட்டனர்.

ஐந்தாண்டுகள் சென்றன. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' என்னும் மாபெரும் இசை விழா நடந்தது. அதில் இம்மூவரும் பிலடெல்பியாவில் மேடையேறினர். டிரம் வாசிக்க இருவர் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான பில் காலின்ஸ் அன்றே லண்டனில் பாடிவிட்டு, கான்கார்டு விமானத்தில் பறந்து வந்தவர். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து போதிய ஒத்திகை பார்க்கவில்லை. கிதாரின் சுருதி நிலைகுலைந்திருந்தது, பாடியவரின் தொண்டை கம்மியிருந்தது, தாளம் தடுமாறியது. நோக்கம் மிக உயர்ந்தது, நிகழ்ச்சியோ தாழ்ந்தது. 2004-இல் அவ்விழா குறுந்தகடுகளாக வெளிவந்தபோது, தங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டாமென்று குழுவினரே மறுத்துவிட்டார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அதே மூவரும் மீண்டும் கூடினர். இம்முறை டிரம் வாசித்தவர், இறந்த ஜான் பான்ஹமின் மகன் ஜேசன். முன்னதாகப் பல வாரங்கள் ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்த அக்கச்சேரியைக் கேட்டவர்கள் மனமாரப் பாராட்டினர். 2012-இல் அது படமாகவும் வெளிவந்தது. 1985-ஐ விட அவர்களுக்கு அப்போது 22 வயது கூடியிருந்தது. ஆயினும் வாசிப்பு மேம்பட்டிருந்தது. இடையில் வந்து சேர்ந்தது ஒத்திகை.

3. இரவல் குரல்

மூன்றாவது கதை சற்று வருத்தம் தருவது. மில்லி வனில்லி என்ற பெயரில் ராப் பிலாட்டஸ், பாப் மோர்வன் என்னும் இரு இளைஞர்கள் ஜெர்மனியிலிருந்து புகழ்பெற்றார்கள். அழகாக ஆடினார்கள். ஆனால் இசைத்தட்டில் ஒலித்த குரல்கள் அவர்களுடையவை அல்ல. தயாரிப்பாளர் பிராங்க் பாரியன் வேறு பாடகர்களைக் கொண்டு பாடல்களைப் பதிவு செய்திருந்தார். இவர்கள் மேடையில் உதட்டை மட்டும் அசைத்தார்கள். 1989 ஜூலையில் அமெரிக்க மேடையொன்றில், ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலித்தது.

அப்படியிருந்தும், 1990 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் தயாரிப்பாளரே உண்மையை வெளியிட்டார். விருது திரும்பப் பெறப்பட்டது. ஏளனமெல்லாம் அவ்விரு இளைஞர்கள் தலையில் விழுந்தது. பிலாட்டஸ் அதிலிருந்து மீளாமல் 1998-இல் இளவயதிலேயே இறந்தார். மோர்வனோ, தம் சொந்தக் குரலில் பாடிப் பின்னர் இசைத்தட்டு வெளியிட்டார்.

நாம் அறியவேண்டியது

மூன்று குழுக்களும் பெயருக்கு ஏற்ப நிற்கவில்லை. ஆனால் மூன்றின் குறையும் ஒன்றன்று. முதல் குழுவுக்குத் திறமை இருந்தது, சூழ்நிலை இல்லை. இரண்டாவதற்குத் திறமை இருந்தது, பயிற்சி விட்டுப்போயிருந்தது. மூன்றாவதற்குப் புகழின் அடியில் உண்மையே இல்லை. முதலிரண்டு குறைகளும் திருத்தக்கூடியவை. கூச்சலை விட்டு விலகிய பீட்டில்ஸ் குழு ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்து, 1967-இல் 'சார்ஜென்ட் பெப்பர்' என்ற இசைத்தட்டைத் தந்தது. லெட் செப்பலின் ஒத்திகையால் மீண்டது. மூன்றாவது குறைக்கு ஒரே மருந்து, முதலிலிருந்து தன் குரலில் தொடங்குவதுதான்.

புகழ் என்பது நேற்றைய பாட்டுக்குக் கிடைத்த கூலி. இன்றைய பாட்டை அது பாடித் தராது. "சென்ற ஆண்டு முதற்பரிசு வாங்கியவர்கள் நாம்" என்று இவ்வாண்டு ஒத்திகைக்கு வராமலிருக்கும் பாடற்குழுவுக்கும், முன்னைய மதிப்பெண்ணை நம்பிப் புத்தகத்தை மூடிவைக்கும் மாணவிக்கும் இது பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பெயர் பெற்ற பிள்ளை ஒருநாள் தடுமாறினால், உடனே ஏளனம் செய்யாமல் காரணத்தைக் கேட்போம். சூழ்நிலையானால் மாற்றித் தருவோம்; பயிற்சிக் குறையானால் அருகிலிருந்து பழக்குவோம். இரவல் குரலில் பெயர் வாங்கும் ஆசையை மட்டும் அவர்கள் மனத்தில் நாம் விதைக்க வேண்டாம்.

தோழியரே, அடுத்த முறை மேடையேறுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். ஒருவர் குரலை ஒருவர் கேட்கிறோமா? போதிய அளவு பழகினோமா? பாடுவது நம் குரல்தானா? மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்தால் துணிந்து பாடுவோம். பெயர் பின்னால் வரட்டும்.