முழுநிலாவின் ஒளி சொல்லும் செய்தி

பௌர்ணமி நிலாவைக் கண்டு மகிழாதார் யார்? அதைத் தட்டு என்றும் அப்பம் என்றும் குழந்தைகள் சொல்வர். நிலா ஓர் உருண்டை என்று நாம் பாடத்தில் படித்திருந்தும், கண்ணுக்கு அது தட்டையாகவே தோன்றுகிறது. இதற்குக் காரணம் என்ன?

இருட்டறையில் ஒரு வெள்ளைப் பந்தை வைத்து, டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுங்கள். நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கியும் தெரியும். ஓரத்தில் ஒளி சாய்வாக விழுந்து பரவிவிடுவதே இதற்குக் காரணம். சுண்ணாம்புச் சுவர் போன்ற பளபளப்பற்ற பரப்புகளுக்குரிய இவ்விதியை லாம்பர்ட் என்னும் அறிஞர் 1760ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். முழுநிலாவோ இவ்விதிக்கு அடங்குவதில்லை. அதன் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே அளவாக ஒளிர்கின்றன.

இன்னொரு புதிரும் உண்டு. அரைநிலா, முழுநிலாவின் ஒளியில் பாதியைத் தரவேண்டும் என்றுதானே எண்ணுவோம்? உண்மையில் அது தருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே!

இவ்விரு புதிர்களுக்கும் விடை, நிலாவின் மேல் படிந்துள்ள தூசிப் படலத்தில் இருக்கிறது. அது வழுவழுப்பான தரையன்று. எண்ணற்ற நுண்துகள்கள் இடைவெளி விட்டு அடுக்கிய குவியல். ஒவ்வொரு துகளும் தன் பின்னால் ஒரு நிழலை வீழ்த்துகிறது. பௌர்ணமியன்று கதிரவன் நமக்குப் பின்புறம் இருப்பதால், ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்கிறது. ஓரத்திலுள்ள துகள்களும் நம்மை நோக்கிய பக்கத்தில் நேரொளி பெறுகின்றன. ஆகவே ஓரம் மங்குவதில்லை. சில நாட்கள் கழிந்து கதிரவன் பக்கவாட்டில் ஒளி வீசும்போதோ, மறைந்திருந்த நிழல்கள் எல்லாம் வெளிப்பட்டு ஒளி வெகுவாகக் குறைகிறது.

நிழல் மறையும் இக்கருத்தை 1887ஆம் ஆண்டில் சீலிகர் என்பவர் சனிக்கோளின் வளையங்களுக்குப் பொருத்திக் காட்டினார். 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் புரூஸ் ஹாப்கே, நிலாவுக்கென ஒரு கணித வாய்பாட்டை உருவாக்கினார். ஒளி விழும் கோணம், நாம் பார்க்கும் கோணம், இரண்டிற்கும் இடைப்பட்ட கோணம், துகள்களின் நெருக்கம் ஆகியவை அதில் இடம்பெறும். நிலாவின் மேற்பரப்பு கருமையான நுண்துகள்களால் ஆன, பஞ்சுபோல் இடைவெளி மிகுந்த படலம் என்பது அவர் கண்ட முடிவு. கருமையா என்று வியக்காதீர்கள்! நிலா தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 12 பங்கு அளவே திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம்தான் அதற்கு. துகள்கள் வெண்மையாக இருந்தால், ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி நிழல்களை நிரப்பிவிடும்.

வெண்துகள்களிடையே அவ்வாறு தாவும் ஒளியையும் கணக்கிட, ஹாப்கே 1981ஆம் ஆண்டில் தம் வாய்பாட்டை விரிவாக்கினார். அதற்குத் துணைநின்றவை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலுள்ள கணிதச் சார்புகள் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. நிலாவில் ஆழமான தூசி இருக்கக்கூடும் என்று தாமஸ் கோல்டு 1955ஆம் ஆண்டில் கூறியிருந்தார். இறங்கும் கலம் புதைந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஒளியோ மேல்தோலைப் பற்றி மட்டுமே பேசும். அதன் கீழுள்ள உறுதியைச் சொல்லாது. 1966ஆம் ஆண்டில் லூனா 9, சர்வேயர் 1 ஆகிய கலங்கள் புதையாமல் இறங்கிய பின்னரே அச்சம் நீங்கியது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தபோது, காலணித் தடம் தெளிவாகப் பதிந்தது. அங்கே நுண்தூசியும் இருந்தது, அதன் அடியில் தாங்கும் தரையும் இருந்தது. விண்வெளி வீரர் எடுத்த படங்களில் அவர்களுடைய தலை நிழலைச் சுற்றி ஓர் ஒளிவட்டமும் தெரிந்தது. நிழல் மறையும் திசை அதுவே அல்லவா!

அவ்வொளியை நீங்களும் காணலாம். காலை வெயிலில் காய்ந்த புல்தரையில் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் தலையின் நிழலைச் சுற்றி உற்று நோக்குங்கள். மற்ற இடங்களைவிட அங்குச் சற்று வெளிச்சம் கூடியிருக்கும். பிறகு அடுத்த பௌர்ணமியன்று நிலாவைப் பாருங்கள். கைக்கெட்டாத ஒரு மண்ணின் தன்மையை, அதன் ஒளியைக் கொண்டே மனிதர் கண்டறிந்தனர் என்பது அப்போது விளங்கும்.