வால்வை மாற்றினால் கிற்றாரின் ஒலி ஏன் மாறுகிறது?

(இலத்திரனியல், ஒலி ஆகிய அலகுகளுக்கான மேலதிக விளக்கம்)

மாணவர்களே, விரியலாக்கி பற்றிய வினாக்களில் பலர் நயம், உரப்பு, ஒலிப்பண்பு ஆகிய மூன்றையும் குழப்பிப் புள்ளிகளை இழக்கின்றனர். மின்கிற்றாரின் வால்வு விரியலாக்கியை உதாரணமாகக் கொண்டு இவற்றைத் தனித்தனியே விளங்கிக்கொள்வோம்.

1. வால்வின் தொழிற்பாடு

வால்வு என்பது வளி அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயாகும். அதனுள் சூடாக்கப்படும் கதோட்டு இலத்திரன்களைக் காலும். நேர் அழுத்தத்திலுள்ள அனோட்டு அவற்றைக் கவரும். இரண்டிற்கும் இடையிலுள்ள கம்பிவலை நெய்யரி எனப்படும். நெய்யரியின் வோல்ற்றளவு சிறிது மாறினாலும் அனோட்டு மின்னோட்டம் கணிசமாக மாறும். அம்மின்னோட்டம் சுமைத் தடையியினூடாகப் பாய்வதால் பெரிய வோல்ற்றளவு மாற்றம் பெறப்படும்.

நீங்கள் கற்ற திரான்சிற்றருடன் ஒப்பிட்டால், கதோட்டு காலியையும் நெய்யரி அடியையும் அனோட்டு சேகரிப்பானையும் ஒக்கும்.

2. பெருக்கக் காரணி

கிற்றாரிலிருந்து வரும் சிறிய சைகையை முதலில் பெருக்குவது முன்விரியலாக்கி வால்வாகும். பின்வரும் நான்கும் ஒரே 9 ஊசித் தாங்கியில் பொருந்துபவை. ஊசிகளின் இணைப்பும் ஒன்றே. பெருக்கக் காரணிகள் (அண்ணளவாக):

12ஏஎக்ஸ்7 (ஈசிசி83) – 100
12ஏரி7 (ஈசிசி81) – 60
12ஏவை7 – 44
12ஏயூ7 (ஈசிசி82) – 17

3. நயத்தைக் கணித்தல்

பெருக்கக் காரணி முழுவதும் நயமாகக் கிடைப்பதில்லை. வால்வின் அகத்தடையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

நயம் = பெருக்கக் காரணி × சுமைத்தடை ÷ (சுமைத்தடை + அகத்தடை)

சுமைத்தடை 100 கிலோ ஓம் எனக் கொள்வோம்.

12ஏஎக்ஸ்7: அகத்தடை 62.5 கிலோ ஓம். நயம் = 100 × 100 ÷ 162.5 = 61.5
12ஏவை7: அகத்தடை 25 கிலோ ஓம். நயம் = 44 × 100 ÷ 125 = 35.2

பெருக்கக் காரணிகளின் விகிதம் 2.3 ஆயினும், நயங்களின் விகிதம் 1.7 மட்டுமே என்பதைக் கவனிக்க. உண்மையான சுற்றில் இப்பெறுமானங்கள் சற்று வேறுபடலாம்.

4. ஒலிப்பண்பு மாறுவது எவ்வாறு?

ஒவ்வொரு படியும் ஓர் எல்லைவரையே சைகையைப் பெருக்கும். முதற்படியின் நயம் கூடினால் அடுத்த படிக்குப் பெரிய சைகை செல்லும். அது எல்லையை மீறும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிய மேற்றொனிகள் சேரும். அடிப்படை அதிர்வெண் மாறாததால் சுருதி மாறாது. மேற்றொனிகள் மாறுவதால் ஒலிப்பண்பு மாறும். கிற்றாரின் கரகரப்பான ஒலி இவ்வாறே தோன்றுகிறது. நயம் குறைந்த வால்வை இட்டால், கட்டுப்பாட்டுக் குமிழை மேலும் கூட்டும்வரை ஒலி தெளிவாக இருக்கும்.

5. வரலாற்று உதாரணம்

அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரித்த பாஸ்மன் விரியலாக்கியின் முதற்படியில் 12ஏவை7 இருந்தது. இலண்டனில் ஜிம் மார்சலின் கடையினர் 1960களின் தொடக்கத்தில் அச்சுற்றைப் பின்பற்றி ஜேரிஎம்45 ஐ உருவாக்கினர். அதன் முதற்படியில் ஈசிசி83 இடம்பெற்றது. நாம் மேலே கணித்த வேறுபாடு இதுவே. வெளியீட்டு வால்வுகளும் ஒலிபெருக்கிகளும் வேறானவை. எனவே ஒலி வேறுபாடு முழுவதற்கும் முதல் வால்வே காரணம் என எழுதுவது பிழையாகும்.

6. தவிர்க்க வேண்டிய பிழைகள்

• "நயம் கூடினால் உச்ச வலுவும் கூடும்." பிழை. உச்ச வலுவைத் தீர்மானிப்பது வலு வழங்கியும் வெளியீட்டுப் படியுமே.
• "ஊசிகள் 9 எனில் எந்த வால்வையும் இடலாம்." பிழை. 6டிஜே8 இற்கும் 9 ஊசிகள் உண்டு. ஆனால் அதன் சூடாக்கி இணைப்பு வேறு.

எச்சரிக்கை: வால்வு விரியலாக்கியினுள் சில நூறு வோல்ற்று நேரோட்ட அழுத்தம் உண்டு. ஆளியை நிறுத்தி, செருகியைக் கழற்றிய பின்பும் கொள்ளளவிகளில் ஏற்றம் எஞ்சியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே பெட்டியைத் திறந்து பரிசோதிக்க முயல வேண்டாம்.

பயிற்சி

12ஏஎக்ஸ்7 இற்குப் பதிலாக, அகத்தடை 7.7 கிலோ ஓம் உடைய 12ஏயூ7 இடப்படுகிறது. சுமைத்தடை 100 கிலோ ஓம்.
(அ) நயம் யாது?
(ஆ) ஒலியில் ஏற்படும் மாற்றத்தைக் காரணத்துடன் கூறுக.

விடை: (அ) 17 × 100 ÷ 107.7 = 15.8. (ஆ) அடுத்த படிக்குச் செல்லும் சைகை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். அலை வெட்டுப்படுவது குறைவதால் மேற்றொனிகள் குறைந்து ஒலி தெளிவடையும். சுருதி மாறாது.

(ஆ) பகுதியில் "ஒலி குறையும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். காரணத்தை எழுதினாலே முழுப்புள்ளி கிடைக்கும்.