கீழ்த்தாடைப் பல்: உள்ளுக்குள்ள இருக்கிற சட்டகம் எது?

இந்தக் கிழமை எபிசோட்டில பல் இம்ப்ளான்ட் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் விட்ட பகுதியை இங்க எழுதுறன். உங்களில கனபேர் அம்மா அப்பாவோட பல் வைத்தியரிட்டப் போய் மொழிபெயர்க்கிற ஆக்கள். டென்மார்க்கில் பெரியவர்களின் பல் செலவில் பெரும்பங்கு அவரவர் பையிலிருந்துதான் போகும். "டைட்டேனியமா, சிர்கோனியாவா?" என்று வைத்தியர் கேட்டால், விளங்கித்தான் பதில் சொல்லவேணும்.

சட்டகம் எண்டா என்ன?

பல்லே இல்லாத கீழ்த்தாடையில் நிரந்தரப் பல்வரிசை பொருத்த, பொதுவாக 4 முதல் 6 இம்ப்ளான்ட் வைப்பார்கள். அவற்றை ஒன்றாகப் பிணைத்து, செயற்கைப் பற்களைத் தாங்கும் வில்தான் சட்டகம். எலும்பு டைட்டேனியத்தோடு இறுகப் பிணையும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் சுவீடனின் கோதென்பர்க்கில் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தவர் பெர்-இங்வார் பிரானெமார்க். ஆனால் மேலே வரும் சட்டகமும் டைட்டேனியமாக இருக்கவேண்டும் என்றில்லை.

கீழ்த்தாடை ஏன் வேற கதை?

அது குதிரைலாடம் மாதிரி. வாயை அகலத் திறந்தால் இரண்டு பின்பக்கமும் மிகச் சிறிதளவு உள்ளே வளையும். இரு பக்கமும் கடைவாய் வரை இம்ப்ளான்ட் வைத்து, விறைப்பான ஒரே சட்டகத்தால் பிணைத்தால், அந்த இழுவை திருகுகளில் விழும். அதனால் சிலருக்குச் சட்டகத்தை நடுவில் இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. இம்ப்ளான்ட் எல்லாம் முன்பக்கம் மட்டும் என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

நாலு பொருள், விறைப்பு ஜிகாபாஸ்கலில்

• டைட்டேனியக் கலப்புலோகம், சுமார் 110: பாரம் குறைவு. மேலே உள்ள அக்ரிலிக் பல் உடைந்தால் திருத்தலாம்.

• கோபால்ட்-குரோம், 200க்கு மேல்: மெல்லிசாகச் செய்தாலும் வளையாது. ஆனால் டைட்டேனியத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பாரம்.

• சிர்கோனியா, சுமார் 200: பல் நிறம், வடிவா இருக்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. சட்டகமே வெடித்தால் ஒட்டமுடியாது, புதிசாத்தான் செய்யவேணும்.

• பீக் எனும் பிளாஸ்டிக், சுமார் 4: மிக இலேசு. ஆனால் வளைவதால் கடிக்கும் விசை எல்லா இம்ப்ளான்டுக்கும் பரவாமல், கடிக்கும் இடத்துக்குக் கிட்ட இருப்பதிலேயே கூடுதலாக விழும்.

அப்ப எது நல்லது?

"விலை கூட எண்டா நல்லது" எண்டு முடிவெடுக்காதேங்கோ. பொருளைப் போலவே பொருத்தமும் முக்கியம். திருகை இறுக்கித்தான் சட்டகம் உட்காருது என்றால், எந்தப் பொருளும் பிறகு தொல்லைதான். முன்பு உலோகத்தை உருக்கி வார்த்தார்கள். ஆறும்போது சுருங்கிப் பொருத்தம் பிசகும். இப்போது கணினியில் வடிவமைத்து இயந்திரத்தால் செதுக்குகிறார்கள். அதற்கான ஸ்கேனரும் மென்பொருளும் செய்யும் த்ரீஷேப், 2000இல் கோபனஹேகனில் தொடங்கிய நம்மூர்க் கொம்பனி.

அடுத்த முறை மொழிபெயர்க்கப் போகேக்க நான் கேக்கச் சொல்லுறது மூண்டு கேள்வி: இம்ப்ளான்ட் எவ்வளவு பின்னுக்குப் போகுது? பொருத்தத்தை எப்படிச் சோதிப்பீங்கள்? உடைஞ்சா திருத்தலாமா, திருத்த எவ்வளவு முடியும்? பதிலை எழுதி வாங்குங்கோ. பிறகு வீட்டில இருந்து ஆறுதலா யோசிக்கலாம்.