இந்தியாவைப் பார்க்காமலே எழுதிய இந்திய வரலாறு

இந்த மாதம் வரலாற்றுப் பகுதி என்னுடைய முறை.

முதலில் ஒரு கேள்வி. ஓர் ஊருக்கு ஒரு தடவைகூடப் போகாதவர், அந்த ஊர் மொழியில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாதவர், அந்த ஊரைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினால் நாம் என்ன சொல்வோம்? "ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். சரி, அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களே அந்த ஊரை ஆள வந்துவிட்டால்? அப்போது சிரிக்க முடியுமா? நம் நாட்டுக்கு அப்படித்தான் நடந்தது.

யார் அந்த எழுத்தாளர்?

அவர் பெயர் ஜேம்ஸ் மில். ஸ்காட்லாந்தில் 1773-ல் பிறந்தவர். 1806-ல் எழுதத் தொடங்கி 1817-ல் 'பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு' என்ற நூலை மூன்று பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம் மொழிகளில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. இதை அவர் மறைக்கவும் இல்லை. இந்தியாவில் வாழ்நாள் முழுவதும் கண்ணையும் காதையும் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட, இங்கிலாந்தில் ஓர் அறைக்குள் ஓராண்டு உட்கார்ந்து படித்தால் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று முன்னுரையிலேயே வாதாடுகிறார்!

அவர் எதைப் படித்தார்? மொழிபெயர்ப்பில் வந்த சட்ட நூல்கள், பயணிகளின் குறிப்புகள், கம்பெனியின் ஆவணங்கள். ஒரு பழைய சட்ட நூலில் எழுதியிருப்பதைப் பார்த்து, கோடிக்கணக்கான மக்கள் எல்லோரும் அப்படியேதான் வாழ்கிறார்கள் என்று முடிவு கட்டினார். இந்தியர்கள் நாகரிகத்தில் மிகவும் கீழ்ப்படியில் இருப்பவர்கள், அவர்களைப் பிறர்தான் ஆள வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு.

புத்தகம் எங்கே போய்ச் சேர்ந்தது?

1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மில்லுக்கு லண்டன் அலுவலகத்தில் வேலை கொடுத்தது. இந்தியாவுக்கு அனுப்பும் உத்தரவுகளை எழுதும் இடம் அது. இங்கே அதிகாரியாக வரப்போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி தர இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற ஊரில் கம்பெனிக்கு ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மில்லின் புத்தகம் முக்கியமான பாடநூல் ஆனது. யோசித்துப் பாருங்கள். நம்மைப் போலப் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள், கப்பல் ஏறும் முன்பே நம்மைப் பற்றி ஒரு முடிவோடு வந்து இறங்கினார்கள்.

இது தப்பு என்று சொன்ன வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். கல்கத்தாவில் பல ஆண்டுகள் இருந்து சமஸ்கிருதம் கற்ற எச்.எச்.வில்சன், 1840-ல் மில்லின் நூலுக்கு ஒரு புதிய பதிப்பு கொண்டுவந்தார். அடிக்குறிப்புகளில் மில்லை மறுத்துக்கொண்டே போனார். ஆள்பவருக்கும் மக்களுக்கும் நடுவே உள்ள பரிவையே இந்தப் புத்தகம் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார். ஆனால் எச்சரிக்கை வருவதற்குள் வேலை நடந்துவிட்டது.

மெக்காலே வந்தார்

மில்லின் நூலை 1833-ல் பாராளுமன்றத்திலேயே மெச்சிப் பேசியவர் மெக்காலே. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்குப் போனார். 1835 பிப்ரவரி 2-ல் கல்வி பற்றித் தன் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். தனக்குச் சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டுக்கு இந்தியா, அரேபியா இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்று எழுதிவிட்டார். தமிழைப் பற்றி அவரிடம் யார் கேட்பது? அடுத்த மாதமே அரசு அந்த வழியில் முடிவு எடுத்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மேலைநாட்டுக் கணிதமும் அறிவியலும் எங்களுக்கு வேண்டும் என்று ராஜாராம் மோகன்ராய் 1823-லேயே அரசுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அது அறிவுப் பசி. வேணும்னு நாமே கேட்டு வாங்கிக்கிறது வேற. "உன்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக் கொடுக்கிறது வேற.

மூன்று பெட்டிகள்

மில் இந்திய வரலாற்றை இந்து காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று பிரித்தார். பல தலைமுறை மாணவர்கள் அப்படியே படித்தார்கள். பின்னால் பண்டைய, இடைக்கால, நவீன என்று பெயர் மாறினாலும் கோடுகள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருந்தன.

இந்தப் பெட்டிகளில் நம் ஊர் வரலாறு அடங்குமா? ஏறத்தாழ 1006-ல் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினார். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். இதை எந்தப் பெட்டியில் போடுவது? அரசரின் மதத்தை வைத்து ஆயிரம் ஆண்டுக்கு ஒரு பெயர் ஒட்டினால், சேர்ந்து வாழ்ந்தவர்கள் எல்லாம் எதிரிகளாகத் தெரிவார்கள். இந்தப் புத்தகம் விட்டுப்போன பெரிய காயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே நேரத்தில் சென்னையில்...

மில்லின் நூல் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1816-ல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று அதில் காட்டினார். இது எப்படி முடிந்தது? அவர் தமிழ் கற்றார். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் நம் ஊர்ப் புலவர்களோடு உட்கார்ந்து கேட்டார். எல்லிஸும் கம்பெனி அதிகாரிதான், வரி வசூலிக்க வந்தவர்தான். ஆனால் கேட்டு எழுதியது நிலைத்தது.

ஒரு சந்தேகம்

"மில் சாதிக் கொடுமையைக் கண்டித்தாரே, அது உண்மைதானே?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. கொடுமை உண்மைதான். ஆனால் மில் அதிலிருந்து எடுத்த முடிவு, "இவர்களை நாங்கள் ஆள வேண்டும்" என்பது. அதே கொடுமையை அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் எதிர்த்தார். அவர் எடுத்த முடிவு, "எல்லோரும் சமம்" என்பது. குறையைச் சொல்வது தப்பில்லை. எதற்காகச் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நமக்கு என்ன பாடம்?

ஜெருசலேமில் பிறந்த பேராசிரியர் எட்வர்ட் சயீத் 1978-ல் 'ஓரியண்டலிசம்' என்ற நூல் எழுதினார். கிழக்கைப் பற்றி மேற்கு வரைந்த படம் வெறும் படம் அல்ல, ஆள்வதற்கான கருவியும்கூட என்றார். மில்லின் கதை அதற்கு நல்ல சான்று.

ஆனால் வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது. "வடநாட்டுக்காரங்க எல்லாம் இப்படித்தான்", "ஆப்பிரிக்கான்னாலே காடுதான்" என்று நாமும் பேசுகிறோமே? நாம் அங்கே போயிருக்கிறோமா? அவர்களில் ஒருவரிடமாவது பேசியிருக்கிறோமா? அப்படிப் பேசும்போது நமக்குள்ளும் ஒரு குட்டி மில் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் எந்த மக்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மூன்று கேள்வி கேட்போம்:

1. எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதினார்?
2. யார் படிப்பதற்காக எழுதினார்?
3. இதை நம்பினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். மில் முதல் இரண்டையும் வேண்டாம் என்றார். மூன்றாவதையும் செய்யவில்லை. நாம் செய்வோம்!

— பதினோராம் வகுப்பு மாணவி, வரலாற்றுப் பிரிவு