ரகசியக் கோப்புக்குப் பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு

தேர்வு எழுதி, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து, டெல்லியில் ஏதோ ஓர் அமைச்சகத்தில் உங்களுக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது. அந்த மேசைக்கு ரகசிய முத்திரை குத்திய கோப்புகளும் வரும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட மேசைகளில்தான் கழிந்தது. பூட்டு, சாவி, பதிவேடு, சட்டப் பிரிவு எல்லாவற்றையும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. பெரிய உளவு வழக்குகளைப் புரட்டிப் பாருங்கள்: சுவர் ஏறிக் குதித்தவன் எடுத்துப் போனது கொஞ்சம், உள்ளே உட்கார்ந்திருந்தவர் எடுத்துக் கொடுத்தது ஏராளம். அவர் பக்கத்து மேசைக்காரர், நம்மோடு டீ குடித்தவர். அதனால் கோப்பைக் காப்பதையும் கூட வேலை பார்ப்பவரைக் காப்பதையும் என்னால் இரண்டு வேலையாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

1. முதலில் குமார் நாராயண் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985 ஜனவரி, ராஜீவ் காந்தி பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் அது வெளியே வந்தது. குமார் நாராயண் டெல்லியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பிரதிநிதி. பிரதமர் அலுவலகத்திலும் பாதுகாப்பு அமைச்சகம் போன்ற இடங்களிலும் இருந்த உதவியாளர்கள் சிலரை அவர் பிடித்து வைத்திருந்தார். கோப்பு வெளியே வரும், ஜெராக்ஸ் எடுக்கப்படும், பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எதுவும் காணாமல் போகாததால் யாரும் தேடவில்லை. கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் பணம், சில விஸ்கி பாட்டில்கள். நகல்களோ வெளிநாட்டுத் தூதரகத்தாரிடம் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சுத் தூதரக ராணுவப் பிரிவின் துணை அதிகாரி நாட்டைவிட்டே போகவேண்டியதாயிற்று.

பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர், பின்னாளில் தமிழ்நாட்டு ஆளுநராக இருந்தாரே அவர்தான், பதவி விலகினார். அவர் எந்தத் தாளையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் கைதானவர்களில் அவருடைய சொந்த அலுவலகத்து ஆளே இருந்தார். தீர்ப்பு வந்தது 2002-இல். முன்னாள் அரசு ஊழியர்கள் 13 பேருக்குத் தண்டனை. குமார் நாராயண் அதற்குள் இறந்துவிட்டார்.

இந்த வழக்கை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மாட்டிக்கொண்ட உள்ளாட்கள் செயலாளர்களோ ஜெனரல்களோ அல்லர். தட்டச்சு செய்தவர்கள், கோப்பைக் கட்டியவர்கள், அதிகாரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். கையெழுத்துப் போடும் அதிகாரி தன் துறைக் கோப்பை மட்டும் பார்க்கிறார், அவருடைய பி.ஏ. அந்த அறைக்குள் போகும் எல்லாவற்றையும் பார்க்கிறார். ‘நான் சின்ன ஆள், என்னிடம் என்ன இருக்கிறது’ என்று ஒருநாளும் நினைக்காதீர்கள். உங்களைத் தேடி வருபவன் அப்படி நினைப்பதில்லை.

2. அலுவலக ரகசியச் சட்டம் 1923-ஆம் ஆண்டினது, வெள்ளைக்காரன் காலத்தது. அதன் ஐந்தாம் பிரிவை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கோப்பை விற்பது மட்டுமே அங்கே குற்றம் என்றில்லை. உரிய கவனத்தோடு வைத்துக்கொள்ளாததும் குற்றம்தான். மூன்றாண்டு வரை சிறை உண்டு.

3. முதல் உதவியை மறுத்துவிடுங்கள். யாரும் வந்த அன்றே போர்த் திட்டத்தைக் கேட்பதில்லை. முதலில் கேட்பது தொலைபேசிப் பட்டியல். அடுத்தது யார் எந்த அறைக்கு மாறினார் என்ற விவரம். ரகசியமே இல்லாத அந்தச் சமாச்சாரத்துக்குத் தகுதிக்கு மீறிய நன்றி வரும்: தீபாவளிக்குப் பெட்டி, பிள்ளையின் காலேஜ் சீட்டுக்குச் சிபாரிசு, ‘சும்மா வெச்சுக்கோங்க சார்’ என்று ஒரு கவர். அந்தக் கவர் தகவலுக்கான விலை அல்ல, உங்களை மடக்குவதற்கான சாட்சி. பிறகு ஒருநாள் அதைக் காட்டித்தான் உண்மையான கோப்பைக் கேட்பார்கள்.

இப்போது அந்த ஆள் நேரில்கூட வரவேண்டியதில்லை. சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய கெவின் மல்லோரியைச் சீன உளவுத்துறை 2017-இல் அணுகியது லிங்க்ட்இன் வழியாக. அவர் அப்போது கடனில் இருந்தார். 2019-இல் அவருக்கு 20 ஆண்டு சிறை. ‘உங்கள் துறை பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள், நல்ல சன்மானம் உண்டு’ என்று முன்பின் தெரியாத ஆலோசனை நிறுவனம் கேட்டாலும், முகம் தெரியாத பெண் ஃபேஸ்புக்கில் உங்கள் வேலையைப் பற்றியே திரும்பத் திரும்ப விசாரித்தாலும், பதில் எழுதாமல் மேலதிகாரியிடம் காட்டுங்கள். சொன்னதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள். மறைத்தால் மட்டுமே நீங்கள் தனியாளாகிப் போவீர்கள்.

4. காட்டிக் கொடுப்பவர்கள் எல்லாரும் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்று எண்ணவேண்டாம். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் செய்தது பணத்துக்காக. 1985 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானே நடந்து போனார். அவர் கொடுத்த பெயர்களால் அமெரிக்காவுக்கு ரகசியமாக உதவி வந்த சோவியத் ஆட்கள் பத்துப் பேராவது உயிரிழந்தார்கள். அனா மான்டெஸ் கதை முற்றிலும் வேறு. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு அமைப்பில் கியூபா விவகாரத்தைப் பார்த்த தேர்ந்த ஆய்வாளர். கியூபாவுக்குத் தன் நாடு அநியாயம் செய்கிறது என்ற கோபத்தில் பல ஆண்டுகள் அந்த நாட்டுக்கு வேலை செய்தார்.

ஆனால் உங்கள் வயதுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஜாக் டெஷேரா. மாசசூசெட்ஸ் விமானப்படைக் காவல் பிரிவில் கணினி வேலை பார்த்த பையன். 2023 ஏப்ரலில் கைதானபோது வயது 21. உக்ரைன் போர் பற்றிய டாப் சீக்ரெட் தாள்களை டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் போட்டான். எந்த நாடும் அவனுக்குப் பணம் தரவில்லை. கூட விளையாடும் நண்பர்கள் நடுவே எல்லாம் தெரிந்தவனாகத் தெரிய ஆசைப்பட்டான், அவ்வளவுதான். அதற்கு 15 ஆண்டு சிறை. ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்று காட்டிக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில், ஊர் வாட்ஸ்அப் குழுவில், மாமனார் முன்னால் அது எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள். உங்கள் வேலையைப் பற்றி வீட்டில் பெருமையாக எதுவும் சொல்ல முடியாது என்பதை வேலைக்குச் சேரும்போதே ஏற்றுக்கொண்டுவிடுங்கள்.

5. உங்களுக்குத் தேவையில்லாததைப் படிக்காதீர்கள். மான்டெஸ் அலுவலகத்திலிருந்து தாளைத் தூக்கிப் போகவில்லை. படித்ததை மனப்பாடம் செய்து, வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் தட்டினார். வாசலில் எத்தனை காவலர் பையைச் சோதித்தாலும் இதைத் தடுக்க முடியாது. இதற்கு ஒரே தடுப்பு, வேலைக்கு வேண்டியவர் கைக்கு மட்டும் கோப்பு போவதுதான். பக்கத்து செக்ஷன் கோப்பை ஆர்வத்தில் கேட்டால் மறுப்பவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் கேட்கும்போது மறுக்கத் தயங்காதீர்கள், கேட்பவர் சீனியராக இருந்தாலும்.

6. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். டெஷேரா ரகசியத் தாள்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதை அவனுடைய மேலதிகாரிகள் 2022 செப்டம்பரிலேயே பார்த்தார்கள். கண்டித்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். பாதுகாப்புப் பிரிவுக்கு மட்டும் விஷயம் முறையாகப் போகவில்லை. போயிருந்தால் அந்தப் பையனை அப்போதே தடுத்திருக்கலாம்.

எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹான்சன் ரஷ்யர்களுக்காக 20 ஆண்டுக்கு மேலாக, இடையிடையே நிறுத்தியும் தொடர்ந்தும், உளவு பார்த்தார். அவருடைய மைத்துனரும் எஃப்.பி.ஐ. அதிகாரிதான். ஹான்சன் வீட்டில் கணக்கில்லாத ரொக்கம் இருப்பதைக் கேள்விப்பட்டு 1990-இலேயே மேலே சொன்னார். சொந்த அக்காள் தங்கை குடும்பத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எத்தனை மனத்திடம் வேண்டும்! கேட்டவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஹான்சன் பிடிபட்டது 2001 பிப்ரவரியில். நடுவே போனவை பத்து ஆண்டுகளுக்கு மேல். நாளை நீங்கள் செக்ஷன் ஆபீசராகும்போது, ஒருவர் தயங்கித் தயங்கி வந்து ஒன்றைச் சொன்னால், கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கும் முறை உண்டு. தேதி, நேரம், எந்த அறை, எந்தக் கோப்பு, கண்ணால் கண்டது என்ன. ‘ஆள் சரியில்லை’, ‘போக்கே ஒரு மாதிரி’ போன்றவற்றை எழுதாதீர்கள்.

7. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன்: ஆளைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள். சாதி, மதம், மொழி, மனைவியின் ஊர், பழகும் பெண், வெளிநாட்டிலிருக்கும் சகோதரன், இவை எதுவும் சாட்சியாகாது.

நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். இந்திய ராக்கெட்டுகளுக்கு விகாஸ் இன்ஜினைக் கொடுத்த குழுவின் தலைவர். கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை விற்றதாகச் சொல்லி 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. அந்தத் தொழில்நுட்பம் அப்போது நம் கையிலேயே முழுமையாக இல்லை. 50 நாள் காவலில் வைத்து வதைத்தார்கள். பத்திரிகைகள் அவரைத் துரோகியாகவே எழுதித் தீர்த்தன. 1996-இல் சி.பி.ஐ. எல்லாம் பொய் என்றது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. 2018-இல் 50 லட்ச ரூபாய் இழப்பீடு, 2019-இல் பத்மபூஷண். அவர் செய்திருக்கக்கூடிய வேலையை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வாஷிங்டனிலும் இதுவே நடந்தது. ஹான்சன் செய்ததையெல்லாம் செய்தவர் பிரையன் கெல்லி என்ற சி.ஐ.ஏ. அதிகாரி என்று எஃப்.பி.ஐ. முடிவு கட்டியது. அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள், பிள்ளைகளையும் விசாரித்தார்கள். நிரபராதியின் வீட்டு வாசலில் அவர்கள் காத்திருந்தபோது உண்மையான குற்றவாளி அவர்களுடைய அமைப்பிலேயே நிம்மதியாக இருந்தார். பொய்ச் சந்தேகம் ஒரு குடும்பத்தை அழிப்பதோடு நிற்காது, துரோகிக்கும் மறைவிடம் கொடுக்கும்.

ஏம்ஸை எப்படிப் பிடித்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 70,000 டாலருக்குள் சம்பளம் வாங்குபவர் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கினார், ஜாகுவார் காரில் வந்தார். மனைவி வீட்டார் பணக்காரர்கள் என்று சொன்னதை நம்பினார்கள். கடைசியில் சாண்டி கிரைம்ஸ் என்ற பெண் அதிகாரி இரண்டு பட்டியலைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்: ஏம்ஸ் சோவியத் தூதரக ஆளோடு மதிய உணவு சாப்பிட்ட நாட்கள் ஒன்று, வங்கியில் பணம் கட்டிய நாட்கள் மற்றொன்று. 1985 மே 17 சாப்பாடு, மே 18 அன்று 9,000 டாலர். அடுத்தடுத்த தேதிகளும் அப்படியே பொருந்தின. யார் மீதும் பழி போடாமல், தேதியை வைத்து முடித்த வேலை அது.

8. கடனில் தவிக்கும் சகாவைத் தனியே விடாதீர்கள். ஏம்ஸுக்குத் தொடக்கத்தில் இருந்தது விவாகரத்துக் கடன், மல்லோரிக்கும் கடன். பிள்ளைக்கு ஆபரேஷன், தங்கை கல்யாணம், கட்டி முடியாத வீடு என்று எல்லா செக்ஷனிலும் யாராவது ஒருவர் திணறிக்கொண்டிருப்பார். பி.எஃப். முன்பணம் எப்படி வாங்குவது, கூட்டுறவுச் சங்கக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பதவி உயர்வு தவறிப்போனவரிடம் போய்ப் பேசுங்கள். நீங்கள் கேட்கவில்லையென்றால், கேட்பதற்கு வெளியே ஒருவன் இருக்கிறான்.

9. அன்றாடப் பழக்கங்கள்: மொபைலை அறைக்கு வெளியே வையுங்கள். ரகசியத் தாளை வாட்ஸ்அப்பில் ஒருபோதும் அனுப்பாதீர்கள், அவசரம் என்று அமைச்சர் அலுவலகமே கேட்டாலும். சொந்த பென்டிரைவ் கூடாது. பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். வரைவுத் தாளையும் எண்ணி அழியுங்கள். நகல் எடுத்தால் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

10. எல்லாவற்றிலும் ரகசிய முத்திரை குத்தாதீர்கள். கேன்டீன் டெண்டருக்கும் எல்லைப் பாதுகாப்புக்கும் ஒரே முத்திரை என்றால் இரண்டையும் யாரும் மதிக்கமாட்டார்கள். தவறை மறைக்க முத்திரை தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை கொடுக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் தானே மேலோங்கும் என்று 22-ஆம் பிரிவில் சொல்கிறது. கோப்பில் ஊழலைக் கண்டால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். தகவல் தருபவரின் பெயரைக் காக்கும் ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது.

11. ஓய்வு பெறும் நாளில் அலமாரிச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பழைய டைரிகளில் கோப்பு எண்கள் இருந்தால் அவற்றையும் கொடுத்துவிடுங்கள். உளவு, பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அமைப்பு பற்றி முன் அனுமதியின்றி எதையும் வெளியிடக்கூடாது என்று 2021-இல் பென்ஷன் விதியே வந்துவிட்டது. இந்தக் குறிப்புகளில் நான் பார்த்த எந்தக் கோப்பைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்டாலும் நீங்களும் அப்படியே இருங்கள்.