மாற்றுக் குறைந்தாலும் பொன் பொன்னே

செயலைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்னும் விருப்பம் உயர்ந்தது. அதில் சிறு குறை நேர்ந்ததும் ‘நான் எதற்கும் தகுதியற்றவன்’ என்று துவண்டு போவது வேறு. முன்னது மனிதனை வளர்க்கிறது. பின்னது அவனை உள்ளிருந்தே அரிக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், வயது முதிர்ந்த பின்னரும் பலர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை.

கனடா நாட்டு உளவியலறிஞர்களான பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் ஆகியோர் 1991-இல் இந்தக் குறையின்மை வேட்கையை மூன்றாகப் பிரித்தனர்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்ப்பதாக எண்ணுவது. மூன்றாவது வகை தாழ்ந்த சுயமதிப்புடனும் மனச்சோர்வுடனும் தொடர்புடையது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தகையவரின் சுயமதிப்பு அவர் கையில் இல்லை. பிறரது முகக்குறிப்பில் இருக்கிறது. வெற்றியும் அவருக்கு நிறைவு தருவதில்லை. அளவுகோல் உடனே உயர்ந்துவிடுகிறது.

சுரங்கம் கற்பிக்கும் பாடம்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ஊரிகம், மாரிக்குப்பம் முதலிய இடங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. பாறைவெடிப்பு அச்சுறுத்திய அவ்விடத்தில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. அங்கே ஒருவர் தாம் நிறுத்திய தாங்குகட்டை சரியாக அமையவில்லை என்று கண்டால், உடனே சொல்லித் திருத்துவதே அனைவரது உயிருக்கும் காப்பு. ‘தவறு என்றால் என் மதிப்பே போயிற்று’ என்று அஞ்சுபவரோ அதை மறைக்கவே முற்படுவார். ஆகவே, குறையை ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லாத இடத்தில் செம்மையும் நிலைப்பதில்லை.

இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையிலிருந்து சில கிராம் பொன்னே கிட்டியது. செலவு வரவை மிஞ்சவே, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்குள்ள பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவராயினர். சுரங்கம் நின்றதனால் அதில் ஒருவர் காட்டிய பொறுப்பும் திறமையும் பொய்யாகிவிடுமா? விளைவு பல காரணங்களால் அமைவது. அதனை மட்டும் கொண்டு மனிதனை அளப்பது பிழை. குறையே இல்லாத செயல் இல்லை, அதற்காகக் கடமையைக் கைவிடலாகாது என்று பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயமும் அறிவுறுத்துகிறது.

பயிற்சி

முதலாவதாக, தவறு நேர்ந்தால் ‘இந்தச் செயலில் இக்குறை உள்ளது’ என்று சொல்லிப் பழக வேண்டும். ‘நானே குறை’ என்றல்ல. இரண்டாவதாக, அதே தவறைச் செய்த நண்பரிடம் எவ்வாறு பேசுவோமோ அவ்வாறே தன்னிடமும் பேச வேண்டும். இது சோம்பலுக்கு இடங்கொடுப்பதன்று. திருத்திக்கொள்ளும் தெம்பைத் தருவது. மூன்றாவதாக, ஒரு பணி எப்போது போதுமானது என்பதைத் தொடங்கும்போதே வரையறுத்து, அங்கே நிறுத்த வேண்டும். உறக்கம் கெட்டு மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

மாற்றுக் குறைந்த நகையைப் பொற்கொல்லர் எறிந்துவிடுவதில்லை, புடமிடுகிறார். அது பொன் என்று அறிந்ததனால்தான் புடமிடுகிறார்.